படம் கறுத்துப் பாட்டு மட்டும் கேட்கிறதா? 4கே மானிட்டரில் எச்டிசிபி தடையைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் புழங்கும் ஊர்களில், கணினிச் சாமான் வாங்க வேண்டுமானால் நாங்கள் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோதான் பஸ் ஏறுவோம். அப்படி ஒருமுறை காந்திபுரத்துக் கடை ஒன்றிலிருந்து, ஏதோ அலுவலகம் கழித்துவிட்ட 27 அங்குல 4கே மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். யூடியூபில் போட்டுப் பார்த்த 4கே காட்சி ஒன்று இலை நரம்புவரை துல்லியமாகத் தெரிந்தது. அன்று இரவு சந்தா கட்டிப் பார்க்கும் ஓர் ஓடிடியில் மலையாளப் படம் ஒன்றைப் போட்டபோது வசனம் கேட்டது, சப்டைட்டிலும் ஓடியது, ஆனால் திரை மட்டும் கரிச்சட்டியாக இருந்தது.

அடுத்த மூன்று வாரங்களில் இரண்டு எச்டிஎம்ஐ கேபிள்கள் வாங்கினேன், பிராட்பேண்ட் ஊழியரை இரண்டு முறை வீட்டுக்கு அழைத்தேன், விண்டோஸை ஒருமுறை அழித்துப் புதிதாக ஏற்றினேன். கடைசியில் குற்றவாளிகளாகப் பிடிபட்டவை, ஹாலில் இருக்கும் டிவிக்கும் படம் போகட்டும் என்று என்றைக்கோ மாட்டி மறந்துபோன ஒரு பழைய ஸ்ப்ளிட்டரும், கணினியின் பின்புறத்தில் நான் தேர்ந்தெடுத்திருந்த தவறான போர்ட்டும் ஆகும். இரண்டையும் சரிசெய்ய, எச்டிஎம்ஐக்கு மாற்றான டிஸ்ப்ளேபோர்ட் என்னும் இணைப்புக்குரிய கேபிள் ஒன்றின் விலை மட்டுமே ஆனது. காரணம் தெரிவதற்கு முன்பே பணத்தை எடுத்ததுதான் நான் செய்த பிழை என்பதால், செலவில்லாத சோதனைகள் முதலிலும் செலவு வைக்கும் மாற்றங்கள் கடைசியிலும் வரும்படி இந்த வழிகாட்டியை அமைத்திருக்கிறேன்.

தடை எங்கே உட்கார்ந்திருக்கிறது

எச்டிசிபி என்பது கணினி, செட்டாப் பெட்டி போன்ற அனுப்பும் கருவிக்கும் மானிட்டர், டிவி போன்ற வாங்கும் கருவிக்கும் நடுவே, கேபிளில் ஓடும் படத்தை யாரும் வழியில் நகலெடுத்துவிடாதபடி பூட்டி அனுப்பும் ஏற்பாடு. இன்டெல் நிறுவனம் உருவாக்கிய இதன் முதல் பதிப்பு 2000இல் வெளியானது. பழைய 1.4 வரையிலான பதிப்புகளில் ஒவ்வொரு கருவிக்கும் 40 சாவிகள் வழங்கப்பட்டன. அந்தச் சாவிகள் எல்லாவற்றுக்கும் தாயான மூலச் சாவி 2010 செப்டம்பரில் இணையத்தில் கசிந்தது, அது உண்மையானதுதான் என்று இன்டெலும் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு 4கே படங்களைப் பழைய பூட்டை நம்பி வெளியே விடப் படநிறுவனங்கள் ஒப்பவில்லை. 2012இல் வந்த 2.2 பதிப்புதான் இன்றும் 4கே ஓடிடிப் படங்களுக்கான குறைந்தபட்சத் தகுதி; 2018இல் வந்த 2.3 பதிப்பும் அந்த வழியில் வந்ததே.

நீங்கள் பிளே பொத்தானை அழுத்திய கணத்தில் நடப்பது இதுதான். கணினி மானிட்டரிடம் சான்றிதழ் கேட்கிறது. மானிட்டர் காட்டும் சான்றிதழ் உண்மையானதா, தடைசெய்யப்பட்ட கருவிகளின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு ஒரு கேள்வியை அனுப்பி, அதற்கான பதில் 20 மில்லி விநாடிக்குள் திரும்பி வருகிறதா என்று அளக்கிறது. இணையம் வழியே எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு திரையை இல்லை, பக்கத்தில் இருக்கும் திரையைத்தான் நம்புகிறோம் என்று உறுதிசெய்துகொள்வதற்காக இந்த அளவு. எல்லாம் சரியாக இருந்தால்தான் சாவியைப் பரிமாறிக்கொண்டு படத்தைப் பூட்டி அனுப்பும். நடுவில் ஸ்ப்ளிட்டரோ சவுண்ட்பாரோ இருந்தால், அதுவும் சான்றிதழ் காட்ட வேண்டும், தனக்குப் பின்னால் மாட்டியிருக்கும் கருவிகளின் பட்டியலையும் மேலே ஒப்படைக்க வேண்டும். 4கே ஓடிடிப் படம்போல ‘வகை 1’ என்று குறியிடப்பட்டு வரும் படத்தை 2.2க்குக் குறைந்த எந்தக் கருவிக்கும் கடத்தக் கூடாது என்பது விதி. தமிழ்நாட்டு பெர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நிற்கும் வண்டியின் கதைதான் இது. வண்டி நல்ல வண்டி, சரக்கும் நல்ல சரக்கு, ஆனால் காகிதம் இந்தப் பக்கத்துக்கு உரியதாக இல்லை.

ஆகவே சங்கிலியில் எத்தனை நல்ல கருவிகள் இருந்தாலும், அவற்றுள் தகுதி குறைந்த ஒன்றே படத்தின் தரத்தை முடிவுசெய்கிறது. அந்த ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் நம் வேலை.

முதலில் அறிகுறியைச் சரியாகப் பெயரிடுங்கள்

‘படம் சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. திரை முழுக்கக் கறுத்து ஒலி மட்டும் வருவது ஒரு நோய். படம் வருகிறது, ஆனால் 4கே கணக்குக் கட்டியும் 1080 வரிகளுக்கு மேல் ஏற மறுக்கிறது என்பது இன்னொரு நோய். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் படம் நடுநடுவே ஓரிரு விநாடி கறுத்து மீள்வது மூன்றாவது. முதலாவது, சங்கிலியில் எச்டிசிபியே இல்லாத ஒரு கருவி இருப்பதையோ கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் தரும் சில்லை இயக்கும் மென்பொருள், கெட்டிருப்பதையோ காட்டும். இரண்டாவது, எச்டிசிபி இருக்கிறது, ஆனால் பழைய பதிப்பு இருக்கிறது என்பதையோ, பிரௌசரும் கணினியும் 4கேக்கு உரிய தகுதி பெறவில்லை என்பதையோ காட்டும். மூன்றாவது பெரும்பாலும் கேபிள், மின்சாரம் இவற்றின் பக்கம் கைகாட்டும்.

இரண்டாவது நோயைக் கண்ணால் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம், நம் கண் எளிதில் ஏமாறும். நெட்ஃபிளிக்ஸில் படம் ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் ஆகிய மூன்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு டி எழுத்தைத் தட்டினால், திரையின் மேல் ஒரு விவரப் பட்டியல் தோன்றும். அதில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் அளவு 1920×1080 என்றோ 3840×2160 என்றோ எழுதியிருக்கும். படம் தொடங்கிய முதல் நிமிடத்தில் அது குறைவாகத்தான் இருக்கும் என்பதால் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பழைய படங்கள் பல 4கேயில் வைக்கப்படுவதே இல்லை. ஆகவே சோதனைக்கு எடுத்துக்கொள்ளும் படத்தின் விவரத்தில் அல்ட்ரா எச்டி அல்லது 4கே என்ற முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத படத்தை வைத்துக்கொண்டு இரவு முழுதும் மல்லுக்கட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

இணைய வேகத்தின் மேல் பழி போடுவதற்கு முன் யூடியூபில் ஏதேனும் இலவசக் காட்சியை 2160 அளவில் ஓட்டிப் பாருங்கள். அத்தகைய காட்சிகளுக்கு எச்டிசிபி தேவையில்லை. அது தடங்கலின்றி ஓடி, ஓடிடிப் படம் மட்டும் முரண்டு பிடித்தால், குற்றம் இணையத்தில் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் 4கேக்குக் கேட்பது 15 எம்பிபிஎஸ் வேகம். 2023 ஜூனில் தொடங்கிய, கேரள அரசின் இணையச் சேவையான கேஃபோனின் அடிப்படைத் திட்டமே 20 எம்பிபிஎஸ் என்னும்போது, பிராட்பேண்ட் ஊழியரை வெயிலில் வரவழைப்பது பெரும்பாலும் வீண் வேலை. ஆனால் சந்தாத் திட்டத்தைச் சரிபார்ப்பது வீண் வேலை இல்லை, ஏனெனில் நெட்ஃபிளிக்ஸில் 4கே கிடைப்பது பிரீமியம் திட்டத்தில் மட்டுமே. கணக்கு அமைப்பில் பிளேபேக் தரத்தை யாரேனும் டேட்டா மிச்சம் பிடிக்கக் குறைத்து வைத்திருக்கிறார்களா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

மடிக்கணினியாக இருந்தால் வெளியே மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அதன் சொந்தத் திரையில் அதே படத்தை ஓட்டிப் பாருங்கள். அங்கும் கறுத்தால் பிரச்சினை கணினிக்குள்ளேயே இருக்கிறது. கேபிளையும் மானிட்டரையும் இப்போதைக்கு மறந்துவிடலாம். அங்கே நன்றாக ஓடினால், கழற்றியவற்றுள் ஒன்றுதான் குற்றவாளி. மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் மானிட்டர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, ஸ்ப்ளிட்டர், சுவிட்ச் பெட்டி, ரிசீவர், நீட்டிப்புக் கேபிள், மாற்றி என நடுவில் இருக்கும் அனைத்தையும் நீக்கி, கணினியிலிருந்து மானிட்டருக்கு ஒரே கேபிளில் நேராக இணைத்துப் பாருங்கள். என் வீட்டில் திரை கறுத்திருந்தது இந்த ஒரு படியிலேயே தீர்ந்தது. கழற்றியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டும்போது, ஒவ்வொரு முறையும் படத்தை ஓட்டிப் பார்ப்பது அவசியம். இரண்டை ஒரே நேரத்தில் மாட்டினால் மறுபடியும் குழப்பம்தான்.

அடுத்து இரண்டாவது மானிட்டர். இதைப் பலரும் சந்தேகிப்பதே இல்லை. புதிய 4கே திரையின் பக்கத்தில், எக்செல் பார்க்கவோ டாலி பார்க்கவோ பழைய 19 அங்குலத் திரை ஒன்றை விஜிஏ கேபிளில் மாட்டி வைத்திருப்பார்கள். விஜிஏ என்பது அனலாக் இணைப்பு. அதில் எச்டிசிபிக்கு இடமே கிடையாது. டிவிஐ என்னும் பழைய டிஜிட்டல் இணைப்பில் இருந்தால் அதிகம் போனால் 1.4க்குள் ஏதோ ஒன்று இருக்கும், அதுகூட இல்லாமலும் போகலாம். கணினியோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு திரையும் 2.2 தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸின் நிபந்தனை. படம் ஓடுவது புதிய திரையில்தான் என்று வாதாடிப் பயனில்லை. படம் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் பழைய திரையின் கேபிளைக் கணினியின் பக்கத்தில் உருவிவிடுங்கள்; மானிட்டரின் பொத்தானை மட்டும் அணைத்தால் விண்டோஸ் சில நேரங்களில் அது இணைந்திருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

திரையைப் பதிவுசெய்யும் மென்பொருள், எனிடெஸ்க் போன்ற தொலைநிலை இணைப்பு, கூட்டத்துக்காகத் திரையைப் பகிரும் செயலி ஆகியவற்றை முழுவதுமாக மூடுங்கள். அவற்றின் வழியே போகும் படம் கறுப்பாக இருப்பது கோளாறு இல்லை, அந்தப் பூட்டு தன் வேலையைச் செய்கிறது. பிறகு பிரௌசரின் செட்டிங்ஸில் படத்தைக் காட்டும் வேலையைக் கிராபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்ற வசதியை அணைத்துவிட்டுப் படத்தை ஓட்டிப் பாருங்கள். கறுத்திருந்த திரையில் அப்போது படம் வந்துவிட்டால், கிராபிக்ஸ் டிரைவர் பழுதானது அல்லது பழையது என்று அறியலாம். டிரைவரை அதன் உற்பத்தியாளரின் தளத்திலிருந்து புதுப்பித்துவிட்டு அந்த வசதியைத் திரும்ப இயக்கிவிடுங்கள். அணைத்தபடியே விட்டுவிட்டால் 4கே என்றைக்கும் கிடைக்காது, ஏனென்றால் அத்தரத்துக்கான பூட்டைத் திறக்கும் வேலையை ஓடிடிகள் ஹார்டுவேரிடம் மட்டுமே ஒப்படைக்கின்றன.

கருவிகளை எழுப்பும் வரிசையையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஓரிரு நிமிடம் கழித்து முதலில் மானிட்டர், பிறகு நடுவில் இருப்பவை, கடைசியில் கணினி என்று இயக்குங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண்ணிமைப் பொழுதில் மானிட்டர் அணைந்து எழும், கணினியோ யுபிஎஸ் புண்ணியத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பு நடந்த அடையாளச் சோதனை செல்லாமல் போய், புதிய சோதனை தொடங்காமலே இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். ஐப்பசி மழையில் மின்வெட்டு மாலைக்கு மூன்று என்றிருக்கும் நாள்களில் எங்கள் வீட்டில் இது வாடிக்கை. மானிட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டியதோடு அந்தத் தொல்லை நின்றது.

கேபிளும் போர்ட்டும்

இந்தப் பகுதியில்தான் கடைக்காரர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள். ‘எச்டிசிபி 2.2 கேபிள்’ என்று அச்சிட்ட உறைக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளுக்குள் சாவியும் இல்லை, சான்றிதழும் இல்லை. அது வெறும் செம்புக் கம்பி. ஆனால் கேபிளால் தொல்லையே வராது என்றும் பொருளில்லை. எச்டிஎம்ஐயில் எச்டிசிபிக்கான பேச்சு, படம் ஓடும் வேகமான கம்பிகளில் நடப்பதில்லை. டிடிசி என்னும் மெதுவான தனிக் கம்பிகளில் நடக்கிறது. இடி மின்னலின்போது கேபிள் டிவி வழியாக இறங்கும் அதிர்ச்சி இந்தக் கம்பியின் பக்கத்தைப் பாதித்தாலோ, நீளமான மலிவுக் கேபிளில் இணைப்பு தளர்ந்தாலோ, டெஸ்க்டாப் தெளிவாகத் தெரியும், ஓடிடிப் படம் மட்டும் விட்டு விட்டுக் கறுக்கும். இரண்டு மீட்டருக்குள், பிரீமியம் ஹை ஸ்பீடு முத்திரையுள்ள ஒரு கேபிளை யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதித்துவிட்டு, வேறுபாடு தெரிந்தால் மட்டும் வாங்குங்கள்.

எச்டிஎம்ஐயின் பதிப்பு எண்ணையும் எச்டிசிபியின் பதிப்பு எண்ணையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான தவறு. எச்டிஎம்ஐ 2.0 என்பது குழாயின் அகலம். விநாடிக்கு 18 கிகாபிட் கொண்டு போகும். எச்டிசிபி 2.2 என்பது அந்தக் குழாயின் பூட்டு. அகலக் குழாயில் பழைய பூட்டு மாட்டிய மானிட்டர்கள் சந்தைக்கு வந்திருக்கின்றன. ஒரே டிவியில் மூன்று எச்டிஎம்ஐ போர்ட்டுகள் இருக்க, அவற்றுள் ஒன்றில் மட்டும் 2.2 இருப்பதும் உண்டு. பயனர் கையேட்டில் போர்ட்வாரியாக எழுதியிருப்பதைப் படியுங்கள்; கையேடு தொலைந்திருந்தால் மாடல் எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் தளத்தில் தேடலாம். 4கே மானிட்டர்கள் முதன்முதலாக வந்த 2013, 2014 ஆண்டுகளின் சரக்கில் 2.2ஐப் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது, அதை மென்பொருள் புதுப்பித்தலால் பெறவும் வழியில்லை.

மானிட்டரின் சொந்த மெனுவுக்குள்ளும் ஒரு பொறி இருக்கும். பல மாடல்களில் எச்டிஎம்ஐ 1.4 என்றும் 2.0 என்றும், டிஸ்ப்ளேபோர்ட் 1.1 என்றும் 1.2 என்றும் மாற்றிக்கொள்ளும் அமைப்பு உண்டு. பழைய கணினிகளோடு ஒத்துப்போவதற்காக அதைக் கீழ் எண்ணில் வைத்தே விற்கும் உற்பத்தியாளர்களும் உள்ளனர். அதை மேல் எண்ணுக்கு மாற்றிவிட்டு, விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதனுள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய், ரிஃப்ரெஷ் ரேட், அதாவது திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு, 60 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறதா எனப் பாருங்கள்.

30 என்று காட்டினால் என் இரண்டாவது குற்றவாளி உங்கள் வீட்டிலும் இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸின் 4கேக்கு 60 ஹெர்ட்ஸ் திரை வேண்டும். என் கணினியில் இருப்பது இன்டெலின் 7ஆம் தலைமுறைச் செயலி. அத்தலைமுறையின் உள்ளமைந்த கிராபிக்ஸ் நேரடியாகத் தருவது எச்டிஎம்ஐயின் 1.4 பதிப்பையே, 4கேயில் அது 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது. மதர்போர்டு தயாரிப்பாளர் தனியாக ஒரு மாற்றிச் சில்லைச் சேர்த்திருந்தால்தான் எச்டிஎம்ஐ 2.0 கிடைக்கும், மலிவான போர்டுகளில் சேர்ப்பதில்லை. ஆனால் அதே போர்டில் இருக்கும் டிஸ்ப்ளேபோர்ட் 60 ஹெர்ட்ஸையும் 2.2ஐயும் சேர்த்தே தரும். மானிட்டர் வந்த நாளிலிருந்தே மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகர்ந்துகொண்டிருந்தது. கணினிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணி அதைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தேன். எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை மாட்டிய மாலையில், அம்பும் வழுக்கியது, விவரப் பட்டியலிலும் 3840×2160 வந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் மாட்டி வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு கேபிளைக் கார்டுக்கு மாற்றினாலே போதும்.

கணினியின் தகுதி

சங்கிலி முழுவதும் சரியாக இருந்தும் 1080இல் நின்றால், பிரௌசரைப் பாருங்கள். விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸின் 4கே, மைக்ரோசாஃப்ட் எட்ஜிலும் நெட்ஃபிளிக்ஸின் சொந்தச் செயலியிலும் கிடைக்கிறது. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் கிடைக்காது. குரோம் நல்ல பிரௌசர்தான். ஆனால் விண்டோஸ் கணினியில் எட்ஜ் பயன்படுத்தும் பிளேரெடி என்ற பூட்டு ஹார்டுவேர்வரை இறங்கிப் பேசுகிறது, குரோமின் வைட்வைன் அங்கே மென்பொருள் மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. படநிறுவனங்கள் 4கேக்கு ஒப்புக்கொள்வது முன்னதை மட்டுமே. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டுவிட்டு, 4கே படத்துக்கென்று ஒரு டிவி ஸ்டிக்கை நேராக மானிட்டரில் மாட்டிக்கொள்வதே அறிவுடைமை.

எட்ஜ் இருந்தும் வரவில்லை என்றால் 4கே படம் சுருக்கப்பட்டு வரும் எச்இவிசி முறையைக் கணினிக்குப் புரியவைக்கும் எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன் நிறுவப்பட்டிருக்கிறதா என்று மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் பாருங்கள். சிறு தொகைக்கு விற்கப்படும் இது, பல மடிக்கணினிகளில் தயாரிப்பாளராலேயே ஏற்றப்பட்டிருக்கும். செயலியின் பக்கம், இன்டெலில் 7ஆம் தலைமுறைக்கு முந்தியவை தகுதி பெறாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு மேக்ஓஎஸ் பிக் சர் அல்லது அதற்குப் பிந்தையது, சஃபாரி பிரௌசர், டி2 சில்லு அல்லது ஆப்பிளின் சொந்தச் செயலி ஆகிய மூன்றும் வேண்டும். என்விடியா கார்டு உள்ளவர்கள் அதன் கண்ட்ரோல் பேனலில் டிஸ்ப்ளே என்ற பிரிவின் கீழ் எச்டிசிபி நிலையைப் பார்க்கலாம். இருக்கிறதா இல்லையா என்று அறிய அது உதவும், பதிப்பு எண்ணுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். ஏஎம்டி மென்பொருளில் டிஸ்ப்ளே பகுதிக்குள் எச்டிசிபி சப்போர்ட் என்றே ஒரு சுவிட்ச் உண்டு. யாரோ விளையாட்டைப் பதிவுசெய்வதற்காக அதை அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

யுஎஸ்பி டாக், அதாவது கணினியின் ஒரு யுஎஸ்பி போர்ட்டைப் பல போர்ட்டுகளாக விரிக்கும் பெட்டி, வழியாக மானிட்டர் இணைக்கிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டாக் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, யுஎஸ்பி-சி போர்ட்டில் வரும் டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை அப்படியே வெளியே தருவது; இதில் பொதுவாகத் தொல்லை குறைவு. மற்றொன்று டிஸ்ப்ளேலிங்க் வகை. திரையில் உள்ளதை மென்பொருளால் சுருக்கி, யுஎஸ்பி டேட்டாவாக அனுப்பி, டாக்குக்குள் மறுபடி படமாக்குவது. மேக்கில் இந்த இரண்டாம் வகை, திரைப்பதிவு அனுமதியைப் பெற்றுத்தான் இயங்குகிறது. திரையை யாரோ பதிவுசெய்கிறார்கள் என்று சஃபாரி எண்ணி, பூட்டிய படத்தை எல்லாத் திரைகளிலும் கறுப்பாக்கிவிடும். அந்த டாக்கைக் கழற்றுவதே அதற்கு எளிய மருந்து. கல்யாண மண்டபத்து புரொஜெக்டர்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. அவற்றுள் சில விஜிஏயை மட்டுமே நம்பி ஓடுகின்றன, அங்கே ஓடிடிப் படம் போட்டுக்காட்டுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பூட்டை உடைக்கும் பெட்டிகள்

எச்டிசிபியை உரித்துவிட்டு வெறும் படத்தை வெளியே தரும் மலிவான ஸ்ப்ளிட்டர்கள் சந்தையில் புழங்குவது எல்லோருக்கும் தெரியும். பணம் கட்டிய படத்தைச் சொந்த மானிட்டரில் பார்க்க முடியாதவனுக்கு அதன்மேல் ஆசை வருவதில் வியப்பில்லை, எனக்கும் வந்தது. ஆனால் 2012 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பாதுகாப்பைக் கடப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கம் இருந்ததா இல்லையா என்று ஒருவர் நீதிமன்றத்தில் போய் விளக்கிக்கொண்டிருக்க வேண்டிய நிலை எதற்கு? சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், பழைய 1.4 பூட்டை உரிக்கும் பெட்டிகளில் பல 2.2ஐ உரிப்பதில்லை, ஆகவே 4கே கிடைக்கும் என்று எண்ணி வாங்கியவர் 1080இலேயே நிற்பார். திருட்டுப் படம் பார்ப்பவருக்கு இந்தப் பூட்டால் ஒரு நாளும் இடைஞ்சல் வந்ததில்லை, காசு கட்டியவர்தான் கேபிளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார் என்ற வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. அதற்காக அந்தப் பெட்டியைப் பரிந்துரைக்க என்னால் இயலாது.

மானிட்டரே 1.4இல் நிற்கிறது என்று உறுதியாகிவிட்டால், அதை மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. 27 அங்குலத் திரையை மூன்றடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது நல்ல பிட்ரேட்டில் வரும் 1080 படம் கண்ணை உறுத்துவதில்லை. எழுத்து வேலைக்கும் படத்தொகுப்புக்கும் அந்த 4கே திரை முழுத் தகுதியோடுதான் இருக்கிறது. அந்நிலையில் பிரீமியம் திட்டத்தைக் கீழ்த் திட்டத்துக்கு இறக்கிக்கொள்வது மாதாமாதம் மிச்சம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று தீர்மானித்தால், கடைக்குப் போகும்போது 2.2 தகுதியுள்ள ஒரு மடிக்கணினியையும், அதற்குரிய கேபிளையும், உங்கள் சந்தா உள்நுழைந்திருக்கும் எட்ஜ் பிரௌசரையும், செல்போன் ஹாட்ஸ்பாட்டையும் உடன் கொண்டு போங்கள். யூடியூபைப் போட்டுக் காட்டுவதோடு கடைக்காரர் முடித்துக்கொள்ளப் பார்ப்பார், விடாதீர்கள். மானிட்டரின் ஒவ்வொரு போர்ட்டிலும் மாட்டி, 60 ஹெர்ட்ஸ் காட்டுகிறதா என்று பார்த்து, முத்திரையுள்ள 4கே படம் ஒன்றை மூன்று நிமிடம் ஓட்டி, விவரப் பட்டியலில் 2160 என்ற எண் வந்த பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள். காந்திபுரத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு முறை வருவதே பெரும்பாடு, திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை போவது அதைவிடப் பெரும்பாடு.